நாற்காலி சொன்ன வசூல்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் தெருவுக்கு நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் பதினோரு பேர், ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். வீடு மாற்றுகிறார்களா? இல்லை. ஏலம் போடுகிறார்களா? அதுவும் இல்லை. தங்கள் நாடகத்துக்குப் போன வாரம் எத்தனை டிக்கெட் விற்றது என்று நாற்காலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். அந்த வரிசையில் பொறியியல் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வக்கீல்.

நான் பல் டாக்டர். இந்த நாடகத் தெருவில் பதினோரு அரங்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் சுவரை ஒட்டி என் கிளினிக். "வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம் திறங்க" என்று கெஞ்சியே பிழைப்பு நடத்துகிறவன். இந்த விடுமுறைக் காலத்தில் எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தெரு முழுக்க வாயைப் பிளந்துகொண்டுதான் திரிந்தது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஞாயிறும் மாலைக் காட்சிக்கு டிக்கெட் விற்று முடித்ததும், அந்த வாரம் மொத்தம் எத்தனை டிக்கெட் போயிற்று என்று ஒவ்வொரு அரங்கும் உரிமையாளர் சங்கத்துக்கு ஃபோனில் சொல்ல வேண்டும். சங்கத்து எழுத்தர் அதை நோட்டில் குறித்துக்கொள்வார். திங்கள் மதியம் வசூல் பட்டியல் வெளியாகும். சாதாரண நாளில் அதை யாரும் சீண்டமாட்டார்கள். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டால் மட்டும் அந்தப் பட்டியல்தான் தெருவின் தலையெழுத்து. முதல் மூன்று இடத்தில் வந்த நாடகம் அடுத்த வருஷமும் ஓடும். கடைசியில் வந்த நாடகத்தின் மீசை, கிரீடம், வாள் எல்லாம் மூட்டை கட்டப்படும்.

இந்தப் பயத்தை மூக்கால் மோப்பம் பிடித்துத்தான் வந்து சேர்ந்தார் நாற்காலியார்.

முன்பு சோபாவுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார் என்று ஒரு பேச்சு. எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது பழைய மேடைத் திரையில் தைத்த சிவப்பு வெல்வெட் அங்கி போட்டிருந்தார். தலையில் அதே வெல்வெட்டில் ஒரு குல்லா, இரண்டு காதையும் மூடிக் கழுத்து வரைக்கும் இறங்கியது. நல்ல வெயிலிலும் அதைக் கழற்றமாட்டார். ஞானம் ஆவியாகிப் போய்விடுமாம். தெருக்கோடியில் இருந்த மரச்சாமான் கிடங்கை வாடகைக்கு எடுத்து, நடுவில் ஒரு தங்க முலாம் பூசிய நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முறை என்னவென்றால், ஞாயிறு மாலைக் காட்சியில் ஆளில்லாமல் கிடந்த இருக்கை ஒன்றை முதலாளி தன் கையால் திருகு கழற்ற வேண்டும். நாற்காலிக்கு வெட்கம் அதிகம் என்பதால் போர்வையால் மூட வேண்டும். தானே சுமந்து வர வேண்டும். கிடங்குக்குள் இறக்கி வைத்துவிட்டு, "வாரம் பூரா உங்க மேல உட்கார்ந்ததுக்கு மன்னிச்சிடுங்க" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். பிறகு அரங்கின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, உண்டியலில் காணிக்கை போட வேண்டும். நாற்காலியார் எழுந்து வந்து போர்வையின் மேல் காதை வைப்பார். கண் மூடும். உதடு நடுங்கும். ஒரு பக்கம் புரட்டுகிற நேரம் ஆகும். அப்புறம் எண் வரும்.

எண் சரியாக இருக்கும். அதுதான் கொடுமை.

"மூவாயிரத்து நாப்பத்தாறு" என்பார். முதலாளி கோட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்ப்பார். மூவாயிரத்து நாற்பத்தாறு! அவ்வளவுதான், மனிதர் ஆடிப்போய்விடுவார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அடுத்த வாரம் வசூல் ஏற என்ன செய்வது என்று கேட்பார். அதற்குத் தனிக் காணிக்கை.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். தனக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணை இன்னொருத்தன் வாயால் கேட்பதற்கு ஒருவர் பணம் கொடுக்கிறார். அதைக் கேட்ட சந்தோஷத்தில், இரண்டு பேருக்குமே தெரியாத அடுத்த வாரத்துக்கும் பணம் கொடுக்கிறார். லீவு ஆரம்பித்த வாரம் தெருவில் எல்லா அரங்கிலும் கூட்டம் ஏறியது. பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாத பெற்றோர்கள் எங்கேதான் போவார்கள்? ஆனால் பெயர் நாற்காலியாருக்குப் போயிற்று.

என் பக்கத்து அரங்கில் ஓடியது 'மாமியார் விமானம் ஓட்டுகிறார்' என்ற நாடகம். நானூறு இருக்கை. வாரம் பன்னிரண்டு காட்சி. முதல் வாரம் பட்டியலில் மூன்றாவது இடம். இரண்டாவது வாரம் தடாலென்று ஒன்பதாவது இடம். அடுத்த திங்கட்கிழமை காலை முதல் ஆளாக முதலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நாற்காலியார் போர்வையில் காது வைத்து எண்ணைச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை.

"நாற்காலி அழுவுது" என்றார்.

"ஐயோ, என்ன சொல்லுதுங்க?"

"ஜன்னலுக்குள்ள ஒரு கை இருக்குதாம். அந்தக் கை டிக்கெட் கிழிச்சா ராசியே இல்லையாம். யார் அது?"

அது டிக்கெட் அக்கா. பதினான்கு வருஷமாக அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறவர். எந்தப் பிள்ளைக்கு முன்னால் இருப்பவர் தலை மறைக்கும் என்று எட்டிப் பார்த்து இருக்கை மாற்றிக் கொடுப்பவர். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அந்த ஜன்னல் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"லீவு முடியறதுக்குள்ள அந்தக் கையை எடுத்துடு. நானே ஒரு கைராசிக்கார அம்மாவை அனுப்பி வைக்கிறேன்" என்று கருணை காட்டினார் நாற்காலியார்.

அன்று மதியம் டிக்கெட் அக்கா என் கிளினிக்குக்கு வந்தார். பல்வலி இல்லை. அழுவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"டாக்டர், ஏன் கூட்டம் குறைஞ்சுதுன்னு நான் சொல்லவா? பொம்பளைங்க கழிப்பறை மூணுல ரெண்டு ரிப்பேர். ஒண்ணுல கமோடு உடைஞ்சு கிடக்கு, இன்னொண்ணுல தண்ணி வரல. இடைவேளைல அறுபது பேர் ஒரே கதவு முன்னாடி நிக்கிறாங்க. பிள்ளைங்க அழுவுது. பாதி பேர் அப்படியே வீட்டுக்குப் போயிடறாங்க. போய் சும்மா இருப்பாங்களா? நாலு பேர்கிட்ட சொல்வாங்கல்ல?"

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"எட்டு நாளா சொல்றேன். குழாய்க்காரருக்குக் குடுக்கப் பணம் இல்லன்னாரு. உண்டியல்ல போட மட்டும் இருக்கு!"

எனக்கும் கோபம் வந்தது. ஆனால் எண் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது என்று எனக்கும் புரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்கும் லேசான பயம் இருந்தது.

அக்கா என் காத்திருப்பு அறையைச் சுற்றிப் பார்த்தார். "டாக்டர், இந்த நாற்காலி ஒண்ணை அடுத்த திங்கட்கிழமைக்கு இரவல் தருவீங்களா?"

தந்தேன். அடுத்த திங்கள், முதலாளி கழற்றி வைத்திருந்த இருக்கையை எடுத்துவிட்டு, போர்வைக்குள் என் கிளினிக் நாற்காலியை வைத்துவிட்டார் அக்கா. முதலாளி ஒன்றும் தெரியாமல் சுமந்து போனார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். நாற்காலியார் காது வைத்தார், பக்கம் புரட்டுகிற நேரம் ஆயிற்று, எண் வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அச்சு அசல் சரி.

அக்கா போர்வையை உருவினார். "எல்லாரும் பாருங்க! இது எங்க அரங்கத்து நாற்காலியே இல்ல. பக்கத்து பல் டாக்டர் நாற்காலி. பல்லு பிடுங்க வந்தவங்க உட்கார்ந்தது. இதுக்கு எங்க வசூல் எப்படித் தெரியும்?"

அப்பாடா, ஒழிந்தது என்று நினைத்தேன். எனக்கு நம் மக்களைப் பற்றி இன்னும் தெரியவில்லை.

நாற்காலியார் புன்னகைத்தார். "பக்கத்துச் சுவர்தானே? நாற்காலிங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதா? வலி தாங்குன நாற்காலி இது. ஞானம் இன்னும் ஜாஸ்தி."

"ஆஹா!" என்றது கூட்டம். ஒருவர் என் நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொறியியல் படித்தவர்தான். மறுநாள் என் கிளினிக்கில் ஏழு பேர், பல்வலி இல்லாமலே வந்து, அந்த நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அன்று எல்லோரும் போன பிறகு நானும் அதில் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்புதான் வலித்தது.

அக்காவின் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. "ஞானியைச் சோதிக்கிறியா?" என்று முதலாளி கத்தினார். "அடுத்த திங்கட்கிழமை சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு. அந்த அம்மா செவ்வாய்க்கிழமை வருது."

அன்று மாலை அக்கா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அழவில்லை. விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாற்காலியை மாத்தினேன், எண் மாறல. அப்போ எண் நாற்காலிலேருந்து வரல. சரிதானே டாக்டர்?"

"சரிதான்."

"அப்போ ஒரு மனுஷன்கிட்டேருந்துதான் வருது. ஞாயித்துக்கிழமை அந்த எண் தெரிஞ்சவங்க மூணே பேரு. நான் ஒருத்தி. நான் சொல்லல. முதலாளி ஒருத்தர். அவரே சொல்லியிருந்தா இப்படி வாயைப் பிளக்க மாட்டாரு. மிச்சம் யாரு?"

"சங்கத்து எழுத்தர்!" என்றேன் நான். என் குரலில் நானே கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு பெருமை.

"இந்த வாரம் நான் ஃபோன் பண்றப்ப அவருக்கு மட்டும் வேற ஒரு எண் சொல்றேன்" என்றார் அக்கா. "முதலாளிக்கு உள்ளதைச் சொல்றேன். ஞானி எதைச் சொல்றாருன்னு பார்ப்போம்."

என்ன எண் என்று கேட்டேன். சொல்லவில்லை. "உங்ககிட்ட சொன்னா, அப்புறம் நீங்களும் கணக்குல வந்துடுவீங்க" என்றார். என் வாய் என்ன அவ்வளவு ஓட்டையா? இருக்கட்டும்.

திங்கட்கிழமை வந்தது. முதலாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் தலைச்சுமைக்குப் பதில் தள்ளுவண்டி. அதிகாலையிலேயே நானும் அக்காவும் மூச்சு வாங்க எதையோ தூக்கி அதில் வைத்து, போர்வை போட்டு, கயிறு கட்டிவிட்டோம். எதை என்று பிறகு சொல்கிறேன்.

"இது நம்ம அரங்கத்துதுதானே? போன வாரம் மாதிரி மானத்தை வாங்கிடாதே" என்று மிரட்டினார் முதலாளி.

"சத்தியமா நம்ம அரங்கத்துதுதான் முதலாளி. தினமும் ஆளுங்க உட்கார்ந்ததுதான்" என்றார் அக்கா. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கிடங்கில் நிற்க இடமில்லை. போன வாரத்து அதிசயத்தைக் கேள்விப்பட்டுத் தெருவில் இல்லாதவர்கள்கூட நாற்காலியோடு வந்திருந்தார்கள். ஒரு முடிதிருத்துபவர் தன் சுழல் நாற்காலியை உருட்டி வந்திருந்தார். ஒரு பாட்டு வாத்தியார் முக்காலி கொண்டுவந்திருந்தார். முக்காலியிடம் கேட்டால் முக்கால்வாசி உண்மைதான் வரும் என்று யாரோ சொல்ல, பாவம், அவர் முகம் வாடிப்போயிற்று.

எங்கள் முதலாளி வண்டியைத் தள்ளி நடுவில் நிறுத்தினார். மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். அரங்கின் பெயரைச் சொன்னார். உண்டியலில் போட்டார். நாற்காலியார் குனிந்து போர்வையில் காதை அழுத்தி வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். புருவத்தை ஒரு தடவை தூக்கினார்.

"பேசுது" என்றார். "ஏழாயிரத்து முந்நூத்து ஒன்பது!"

முதலாளி பையிலிருந்து சீட்டை எடுத்தார். சீட்டைப் பார்த்தார். நாற்காலியாரைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டாயிரத்து நானூத்து நாலுதானே வித்துது?"

"நாற்காலி பொய் சொல்லாது."

"அது சொல்லாதுங்க. ஆனா எங்க அரங்கத்துல இருக்கறதே நானூறு சீட்டு. பன்னெண்டு காட்சி. எல்லாம் ஹவுஸ்ஃபுல் ஆனாலே நாலாயிரத்து எண்ணூறு தாண்டாதே?"

நாற்காலியாரின் நெற்றியில் வேர்த்தது. ஆனால் தொழில்காரர் அல்லவா, விடுவாரா? "மிச்சப் பேர் உருவமில்லாம வந்தாங்க" என்றார் கம்பீரமாக. "மடியில உட்கார்ந்து பார்த்தாங்க."

கூட்டம் சிலிர்த்தது. "அதான் போன வெள்ளிக்கிழமை எனக்குத் தொடை மரத்துப் போச்சு!" என்று ஒரு பெரியவர் சாட்சி சொன்னார். எங்கள் முதலாளி மட்டும் வியாபாரி. ஒரு விநாடி யோசித்தார்.

"டிக்கெட் வாங்கினாங்களா?" என்றார்.

இந்த இடத்தில்தான் அக்கா முன்னால் வந்தார். "முதலாளி, போர்வையை எடுங்க."

முதலாளி எடுத்தார். உள்ளே நாற்காலி இல்லை. பெண்கள் கழிப்பறையிலிருந்து கழற்றிப் போட்ட, ஓரம் உடைந்த கமோடு வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு சைக்கிள் சங்கிலி, நான்கு எண் திருப்புகிற பூட்டுப் போட்டுத் தொங்கியது.

நாற்காலியாரின் கை தானாகத் தன் காதைத் துடைத்துக்கொண்டது.

"இதுதான் பேசிச்சு" என்றார் அக்கா கூட்டத்தைப் பார்த்து. "பேசட்டும். பூட்டு நம்பர் என்னைத் தவிர இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது. என் பொண்ணுங்களுக்குக்கூடத் தெரியாது. முதலாளி, ஞானி சொன்ன எண்ணை நீங்களே உங்க கையால திருப்புங்க."

முதலாளி குனிந்தார். ஏழு. மூன்று. பூஜ்யம். ஒன்பது. இழுத்தார்.

பூட்டு திறந்துகொண்டது.

"என் சைக்கிள் பூட்டு நம்பரை நேத்து சாயங்காலம் சங்கத்துக்கு ஃபோன் பண்ணி, இதுதான் இந்த வார வசூல்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு. நானூறு சீட்டுல ஏழாயிரம் பேர் எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் சொன்ன பொய்யை இந்தக் கமோடு எப்படிங்க கத்துக்கிச்சு?" அக்கா அப்படியே திரும்பி நாற்காலியாரின் குல்லாவை ஒரே இழுப்பில் இழுத்தார்.

காதில் ஒரு சின்னக் கருவி. கழுத்து வழியாகக் கம்பி அங்கிக்குள் போயிற்று. நான் எட்டிப் பிடித்து இழுத்தேன். பல் பிடுங்கிப் பழகிய கை, வேரோடு வந்தது. கம்பி கழன்று, மறுமுனையில் இருந்த ஃபோன் தரையில் விழுந்து உரக்கப் பேசத் தொடங்கியது. உள்ளே காகிதம் புரள்கிற சத்தம். அப்புறம் சங்கத்து எழுத்தரின் குரல்:

"மாமா, கேக்குதா? அடுத்து எந்த அரங்கு? சீக்கிரம் சொல்லுங்க, இப்பதான் வெளியில போய் டீ வாங்கிட்டு வந்தேன், ஆறிடும். அப்புறம், வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வரச் சொன்னா எங்க அக்கா. நாளைக்கு அந்த டிக்கெட் ஜன்னல் வேலைக்கு என்ன புடவை கட்டிக்கிட்டுப் போறதுன்னும் கேக்கச் சொன்னா!"

கைராசிக்கார அம்மா யார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த களேபரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. வக்கீல் நாற்காலியைத் தூக்கினார், இந்தத் தடவை சுமப்பதற்கு அல்ல. எல்லோரும் உண்டியல்மேல் பாய்ந்தார்கள். அந்த இடைவெளியில் நாற்காலியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாகப் பறந்துவிட்டார். எங்கே போனார் என்கிறீர்களா? நாற்காலியைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாளி அந்தக் கமோடின் பக்கத்திலேயே நின்றார். அக்காவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றார்.

"என்கிட்ட ஒரு தரம் சொன்னா போதும் முதலாளி. அங்கதான் மூணு தரம்" என்றார் அக்கா. அவர் கண் நிறைந்திருந்தது. சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். "குழாய்க்காரர் வெளியிலதான் நிக்கிறாரு. நான்தான் வரச் சொன்னேன். உண்டியல்லேருந்து உங்க பங்கை எடுத்து அவருக்குக் குடுங்க."

மூன்று கழிப்பறைக்கும் அன்று மாலையே தண்ணீர் வந்தது. லீவின் கடைசி வாரத்தில் 'மாமியார் விமானம் ஓட்டுகிறார்' நான்காவது இடத்துக்கு வந்தது. எந்த நாற்காலியும் சொல்லவில்லை, பட்டியலில் போட்டிருந்தது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் நான் என் கண்ணால் பார்த்தேன். கிடங்கு காலியாகிக்கொண்டிருந்தபோது, ஐந்து முதலாளிகள் அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒருவர் கேட்டார்: "ஏம்மா, அந்த ஆள் ஃபிராடு, சரி. ஆனா அந்தப் பூட்டு... சொன்ன எண்ணுக்குச் சட்டுனு திறந்துச்சே! ராசியான பூட்டா இருக்கும்போல. ஒரு வாரத்துக்கு எங்க அரங்குல தொங்க விடத் தருவியா? என்ன காணிக்கை வேணுமோ கேளு."

அக்கா சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். ஐந்து பேரின் தலையையும் ஒவ்வொன்றாக, டிக்கெட் ஜன்னலிலிருந்து பார்ப்பது போலவே, நிதானமாக எட்டிப் பார்த்தார்.

"இது நாலு நம்பர்ல திறந்துடுச்சுங்க. உங்க தலைக்கெல்லாம் எத்தனை நம்பர் போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்க?"